எவன் ரைட்டர் எழுதிய மூன்று வரி

உத்திரமேரூர் தாலுகாவில் எவன் ரைட்டரின் சந்தேகத்துக்கு ஆளாகாத ஜீவன் ஒன்றுகூடக் கிடையாது. தாசில்தார், தலையாரி, டீக்கடை மாஸ்டர், ஜெராக்ஸ் மெஷின், தாலுகா ஆபீஸ் படியில் படுத்திருக்கும் செவலை நாய் என்று சகலரையும் அவர் ஓரக்கண்ணால்தான் பார்ப்பார். கல்வெட்டு பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் காரை நிறுத்தி, "கோயிலுக்கு எப்படிங்க போகணும்?" என்று கேட்டால், "உங்கள இங்க எவன் அனுப்பிச்சான்?" என்று கேட்பார். அவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அடுத்த ஆளிடம் வழி கேட்கப் போய்விடுவார்கள்.

ரேஷன் கார்டில் அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. பேச்சுக்குப் பேச்சு "எவன்?" என்று கேட்டதால் ஊர் அவருக்கு எவன் ரைட்டர் என்று பேர் வைத்தது. தொழில், மனு எழுதுவது. தாலுகா ஆபீசுக்கு எதிரே புங்கமரத்தடியில் ஒரு பழைய மொபெட்டை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, அதன் சீட்டின் மேல் பரீட்சை அட்டையை வைத்து, நின்றுகொண்டே எழுதுவார். "உக்காந்து எய்தினா வாக்கியம் நீண்டுக்கினே பூடும்" என்பது அவர் சித்தாந்தம். இந்தக் காலத்தில் மனுவை இ-சேவை மையத்தில் ஸ்கேன் செய்து ஏற்றிவிடுகிறார்கள். ஆனாலும் ஏற்றுவதற்கு ஒரு தாள் வேண்டுமே, அதை அவர்தான் எழுதிக் கொடுப்பார்.

அவருக்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு பேர் மனு எழுதினார்கள். அவர்கள் மனு, "தங்கள் மேலான சமூகத்திற்கு மிகவும் பணிவுடன் சமர்ப்பித்துக்கொள்வது யாதெனில்" என்று புறப்பட்டு, மூன்றாம் பக்கத்தில் மூச்சு வாங்கி நிற்கும். நடுவில் பாதை மறிக்கப்பட்டிருக்கும், மரம் வெட்டப்பட்டிருக்கும், மனுதாரர் அலைக்கழிக்கப்பட்டிருப்பார். மறித்தவர், வெட்டியவர், அலைக்கழித்தவர் யாரும் அந்த மூன்று பக்கத்திலும் தலையைக் காட்டமாட்டார்கள். எவன் ரைட்டரின் மனு நாலு வரி. முதல் வரியிலேயே செய்தவன் பெயர் வந்து உட்கார்ந்துவிடும்.

"இத பாரு நைனா," என்று எனக்கு ஒருமுறை விளக்கினார். "ஒருத்தன் எய்தும்போது 'செய்யப்பட்டது'ன்னு முடிச்சான்னு வையி, அந்த வாக்கியத்துக்குப் பின்னால எவனோ குந்திக்கினு கீறான்னு அர்த்தம். கைய புடிச்சி இஸ்தாந்து முன்னால நிறுத்து. பாதி வரி தானா கொறஞ்சி பூடும்."

நான் அப்போது அந்த ஆபீசில் தபால் வாங்கும் இளநிலை உதவியாளர். திருப்புட்குழியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து வேலை பார்த்தேன். எவன் ரைட்டரின் மனு என் மேஜைக்கு வந்தாலே ஆபீசில் கலவரம். மூன்று பக்க மனு என்றால் நிம்மதி. ஓரத்தில் 'பார்வையிடுக' என்று எழுதி அடுத்த மேஜைக்குத் தள்ளிவிடலாம். நாலு வரியை என்ன செய்ய முடியும்? படித்துத் தொலைக்க வேண்டியிருக்கும். படித்துவிட்டால் புரிந்தும் தொலையும்.

ஒருநாள் ஒரு விவசாயி வந்தார். நான் டீ குடிக்கப் போனவன், பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"எங்க ஊர் ஏரி மதகு ஒடைக்கப்பட்டு கீது. சரி பண்ணித் தரணும்னு எய்திக் குடு ரைட்டரே."

"எவன் ஒடச்சான்?"

"அதான் சொன்னனே, ஒடைக்கப்பட்டு..."

"மதகு தானா ஒடச்சிக்கிச்சா?"

"இல்ல."

"மீனு ஒடச்சிதா?"

"இன்னா ரைட்டரே பேஜார் பண்ற."

"அப்ப எவனோ ஒருத்தன் கடப்பாரைய எத்துக்கினு நடந்து போயிகீறான். உனுக்குத் தெரியும். உன் மூஞ்சே சொல்லுது."

விவசாயி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். "நான்தான்" என்றார். "கடைசி மடைக்குத் தண்ணி வர்ல. பயிரு காயுது. கோவத்துல ஒரு போடு போட்டுட்டேன்."

எவன் ரைட்டர் முகம் மலர்ந்தது. மனு இப்படி வந்தது: "ஏரித் தண்ணீர் கடைசி மடைக்கு வரவில்லை. ஆத்திரத்தில் நான் மதகை உடைத்தேன். என்னைத் திட்டுங்கள். பிறகு மதகைச் சரிசெய்யுங்கள்." அந்தத் தாள் ஆபீஸ் முழுக்கக் கைமாறி எல்லோரையும் சிரிக்க வைத்தது. மறுவாரமே பொதுப்பணித் துறை இன்ஜினியர் ஜீப்பில் போய் இறங்கி, ஆளை ஆசைதீரத் திட்டிவிட்டு, மதகைச் சரிசெய்து கொடுத்தார். மூன்று பக்கம் எழுதியிருந்தால் அந்த மதகு இன்னும் உடைந்தேதான் கிடந்திருக்கும்.

எங்கள் ஹெட் கிளார்க்குக்கு அவரைக் கண்டால் ஆகாது. காரணம் ஒரு கல்யாணப் பத்திரிகை. மகள் கல்யாணத்துக்கு ஆபீஸ் முழுக்க வைத்தவர், போகிற போக்கில் எவன் ரைட்டருக்கும் ஒன்று கொடுத்தார். ரைட்டர் பத்திரிகையை மொபெட் சீட்டில் விரித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். கண்ணாடியின் ஒரு கை உடைந்து ரப்பர் பேண்டில் காதோடு தொங்கிக்கொண்டிருக்கும்.

"'பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டபடி'ன்னு போட்டுகீது. எந்தப் பெரியவங்க சார்?"

"எல்லாப் பத்திரிகையிலயும் அப்படித்தான்யா போடுவாங்க."

"அதான் எந்தப் பெரியவங்கன்னு கேக்கறேன். நீங்களா? சம்பந்தியா? பொண்ணு பாக்க எவன் எவன் போனான்?"

ஹெட் கிளார்க் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. பெண் பார்க்க யாரும் போகவில்லை. பெண்ணே போய்ப் பையனைப் பார்த்து, பேசி, நாளும் குறித்துவிட்டு வந்து அப்பாவிடம் சொல்லியிருக்கிறது. மூன்று மாதமாக அவர் கட்டிக் காத்த ரகசியத்தை ரைட்டர் ஒரே கேள்வியில் நடுத்தெருவுக்குக் கொண்டுவந்தார். கேட்டதோடு விடவில்லை. "'என் மகள் இந்தப் பையனைத் தேர்ந்தெடுத்தாள், எனக்கும் சம்மதம்'னு போட்டிருந்தா எவ்ளோ நல்லா கீது! ரெண்டு வரி மிச்சம்" என்று யோசனையும் சொன்னார். அன்று முதல் ஹெட் கிளார்க் ஆபீசுக்குப் பின்வாசல் வழியாகத்தான் வந்தார்.

அடுத்தது கேமரா. 'இவ்வளாகம் கண்காணிக்கப்படுகிறது' என்று வாசலில் ஒரு போர்டு மாட்டினோம். எவன் ரைட்டர் இரண்டு நாள் அந்தப் போர்டின் கீழ் நின்று யோசித்தார். மூன்றாம் நாள் உள்ளே வந்து, "எவன் கண்காணிக்கிறான்?" என்று கேட்டார். ஹெட் கிளார்க், தாசில்தார் அறையில் திரை இருக்கிறது என்றார். தாசில்தார் மேடம், கம்ப்யூட்டர் அறையில் இருக்கிறது என்றார். கம்ப்யூட்டர் அறையில் இருந்தவர், ஹெட் கிளார்க்கிடம்தான் இருக்கிறது என்றார். கடைசியில் நான் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது பீரோவுக்குப் பின்னால் போய்ச் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. கேமரா இத்தனை நாளும் பீரோவின் முதுகுக்குத்தான் படம் காட்டியிருக்கிறது.

இதற்குப் பிறகு ஆபீசில் ஒரு வதந்தி கிளம்பியது. எவன் ரைட்டர் சாதாரண ஆள் இல்லை, லஞ்ச ஒழிப்பு ஆட்கள் அனுப்பி வைத்த உளவாளி. மொபெட் டூல்ஸ் பெட்டிக்குள் ரெக்கார்டர் வைத்திருக்கிறார். அந்தக் கண்ணாடியின் ரப்பர் பேண்டு ரப்பர் பேண்டே இல்லை. அவர் எங்களைச் சந்தேகப்பட, நாங்கள் அவரைச் சந்தேகப்பட, நடுவில் இருந்த டீக்கடைக்காரர் இரண்டு பக்கத்தையும் சந்தேகப்பட்டு, அவரவர் கிளாசை அவரவரே கழுவச் சொன்னார்.

எனக்கு மட்டும் ஆவல் அடங்கவில்லை. ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். "ஐயா, உங்களுக்கு ஏன் இந்தப் 'பட்டது' மேல இவ்ளோ கோபம்?"

எழுதுவதை நிறுத்தினார். "ஒரு கம்பெனில பதினெட்டு வருசம் வேல பாத்தேன். ஒருநாள் காயிதம் வந்திச்சி. 'தாங்கள் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டுள்ளீர்கள்.' எவன் விடுவிச்சான்னு போயி கேட்டேன். சூப்பர்வைசர் மேல கையக் காட்னான். மேனேஜர் மேல கையக் காட்னான். இப்பிடியே ஏழு பேரு. ஏழாவது ஆளு ரூம்ல அவனுக்கு மேல ஃபேன்தான் சுத்திக்கினு இருந்திச்சி."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "ஃபேனா நைனா என்ன வேலய வுட்டுத் தூக்கும்?" என்று கேட்டுவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தார். சிரித்ததற்கு எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

இப்படிப்பட்ட மனிதர் என்னை ஒருவனை மட்டும் சந்தேகப் பட்டியலிலிருந்து அடித்திருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், வெளியே பொதுமக்களுக்கு வைத்திருந்த தண்ணீர் டிரம் காலி. "இத எவன் ரொப்பல?" என்று வாசலில் நின்று அவர் சத்தம் போட, உள்ளே இருந்த அத்தனை பேரும் கம்ப்யூட்டரை உற்றுப் பார்த்தார்கள். நான் புது ஆள், நெளிவுசுளிவு தெரியாது. "நான்தான் ஐயா. குழாய்ச் சாவி என்கிட்ட இருக்கு. மறந்துட்டேன்" என்று எழுந்து நின்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த போண்டாவைப் பிட்டுப் பாதியை என்னிடம் கொடுத்தார். அந்த ஆபீசில் வேறு யாருக்கும் அவர் அப்படிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

விஷயம் மல்லிகாவில் வந்து நின்றது.

மல்லிகா, காவாந்தண்டலத்துக்குப் பக்கத்தில் ஏரிக்கரை ஓரமாக இருக்கும் இருளர் குடியிருப்பிலிருந்து வருகிறவர். கழனி வேலை. புருஷன் இல்லை. மகள் பிளஸ் டூ முடித்து நர்சிங் படிப்பில் இடம் வாங்கியிருந்தது. அந்தக் குடியிருப்பில் அவ்வளவு தூரம் படித்த முதல் பெண் அதுதான். கல்லூரியில் சாதிச் சான்றிதழைக் காட்டினால்தான் இடம் நிலைக்கும். சான்றிதழுக்கு எங்கள் ஆபீஸ் விசாரித்து, சான்றிதழ் கொடுக்கும் கோட்டாட்சியருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். விசாரிக்க, செத்துப்போன அப்பாவின் பழைய சாதிச் சான்றிதழை அசலாகவே கேட்டது எங்கள் ஆபீஸ். அந்தக் குடும்பம் இன்னார் என்று சொல்ல அவர்களிடம் இருந்த ஒரே காகிதம் அதுதான். மல்லிகா அதை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அந்தச் சான்றிதழைக் காணோம்.

மல்லிகா முதல் தடவை வந்தபோது, "பரிசீலனைல இருக்கும்மா" என்றேன். இரண்டாம் தடவை வந்தபோது தேடிப் பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் வாங்க" என்றேன். ஹெட் கிளார்க் என்னைத் தனியே கூப்பிட்டு, "இதெல்லாம் வளரவிடக் கூடாது. ஒரு பதில் போட்டுரு" என்று வாசகமும் சொல்லிக் கொடுத்தார். நானும் எழுதினேன். 'மேற்படி அசல் சான்று இவ்வலுவலகத்தில் பெறப்பட்டதாகத் தெரியவரவில்லை.' ரசீதில் இருப்பது என் கையெழுத்து. இருந்தும் எழுதினேன்.

மல்லிகா அந்தப் பதிலையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு எவன் ரைட்டரிடம் போனார். அவ்வளவுதான். ரைட்டர் பதிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு எங்கள் ஆபீஸ் நடுவில் வந்து நின்றார்.

"எவனுக்குத் தெரியவர்ல? இத்தினி பேரு கீறீங்களே, எவனுக்குத் தெரியவர்ல?"

இந்தத் தடவை நானும் மற்றவர்களோடு சேர்ந்து கம்ப்யூட்டரை உற்றுப் பார்த்தேன். அன்று முதல் அவர் மனு எழுதுவதையே விட்டுவிட்டு விசாரணையில் இறங்கினார். முதலில் ஹெட் கிளார்க்கைச் சந்தேகப்பட்டார். பின்வாசல் வழியாக வருகிறவன் பின்வாசல் வழியாகவே கொண்டுபோயிருப்பான் என்பது அவர் வாதம். பிறகு இ-சேவை மையத்துப் பெண்ணை, பிறகு ஜெராக்ஸ் கடைக்காரரை, பிறகு காகிதம் தின்னும் ஒரு ஆட்டை. அந்த ஆட்டின் சொந்தக்காரரிடம் போய், "போன மாசம் உன் ஆடு எந்தப் பக்கம் மேய்ஞ்சிது?" என்று கேட்டு அடிவாங்கப் பார்த்தார்.

"ரசீதுல கையெழுத்து போட்டவன கேளேன்" என்று டீக்கடை மாஸ்டர் சொல்லியிருக்கிறார்.

"சீ, அந்தப் புள்ள செய்யாது. செஞ்சிருந்தா சொல்லிக்கும்" என்றாராம் ரைட்டர். மாஸ்டர் அதை என்னிடம் வந்து சொல்லிச் சிரித்தார். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏனென்றால், எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லோரும் மேஜையைச் சுத்தம் செய்வோம். நானும் செய்தேன். நேரமாகிவிட்டது, பொரி வாங்க வேறு ஓட வேண்டும். மேஜையில் இருந்ததை ஒன்றுவிடாமல் இரண்டு கையாலும் வாரி, முடிந்துபோன பழைய கோப்புகளோடு சேர்த்துக் கட்டி, மேலே சந்தனம் குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்தின் காலடியில் போட்டேன். பூஜை முடிந்து அந்தக் கட்டுகள் அப்படியே ஆவண அறைக்குப் போய்விட்டன. ஒரு வாரம் கழித்து, என் மேஜை ஓரத்தில் காய்ந்திருந்த சந்தனத்தைச் சுரண்டும்போதுதான் எனக்கு இது ஞாபகம் வந்தது.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேலை போய்விடுமோ என்று பயந்தேன். இன்னும் சொல்லப்போனால், புங்கமரத்தடியில் என் பேர் கெட்டுவிடுமே என்றும் பயந்தேன். ஒரு வாரம் நானும் மற்றவர்களோடு சேர்ந்துகொண்டு அந்த ஆட்டைச் சந்தேகப்பட்டேன்.

மல்லிகா மறுபடி வந்தது ஒரு புதன்கிழமை. வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழ் போகாவிட்டால் மகளுடைய இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். அவர் உள்ளே வரவில்லை. மொபெட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக நான் அதைப் பார்த்தேன். எழுந்து வெளியே போனேன்.

"ஐயா, நான்தான்."

ரைட்டர் நிமிர்ந்தார். "இன்னா நான்தான்?"

"அந்த சர்டிபிகேட். ஆயுத பூஜைக்கு மேஜையைத் துடைக்கும்போது பழைய கட்டோட சேத்து நான்தான் கட்டிட்டேன்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால், அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியது மல்லிகா.

"இன்னா சார் நீ! நாலு வாட்டி கூலிய வுட்டுட்டு வந்தேனே. இல்லேன்னு காயிதம் வேற எய்தி அனுப்பிச்ச. எப்ப தெரியும் உனுக்கு?"

"போன வாரம்."

"போன வாரமே சொல்லியிருந்தா போன வாரமே தேடியிருக்கலாமே! எம் பொண்ணு ரெண்டு நாளா துன்னாம குந்திக்கினு கீது. உனுக்கு வூட்ல சோறு எறங்கிச்சா?"

அந்தத் திட்டு முழுக்க எனக்கு வரவேண்டியதுதான். ரைட்டர் கண்ணாடியை மாட்டி, ரப்பர் பேண்டைக் காதில் இழுத்துவிட்டார். "சரி. சொல்லிட்டான்ல. இப்ப போயி உங்க மேடம்கிட்டயும் இதயே சொல்லு. ஒரு வார்த்த கூட்டாத" என்று என்னைத் தாசில்தார் அறைப் பக்கம் தள்ளினார்.

தாசில்தார் மேடம் முன்னால் நின்று, "மேடம், மல்லிகாவோட அசல் சான்றை நான் தொலைச்சேன். அது ஆவண அறையில இருக்கு. தேட அனுமதி வேணும்" என்றேன். மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். இந்த ஆபீசில் அப்படி ஒரு பேச்சை அவர் அதுவரை கேட்டதே இல்லை போலிருந்தது. பிறகு, "உங்களுக்கு மெமோ உண்டு. அது அப்புறம். முதல்ல போய்த் தேடுங்க. அந்தம்மாவையும் கூட்டிப் போங்க, அவங்களுக்குத்தான் அந்தப் பேப்பர் அடையாளம் தெரியும்" என்றார். மல்லிகாவின் உதவியாள் என்று சொல்லிக்கொண்டு ரைட்டரும் பின்னாலேயே நுழைந்துவிட்டார்.

எங்கள் ஆவண அறையை நீங்கள் பார்த்ததில்லை. தரையிலிருந்து கூரை வரை சிவப்புத் துணிக் கட்டுகள். சந்தனப் பொட்டு வைத்த கட்டைத் தேடினால் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். உள்ளே போய்ப் பார்த்தால், வருஷா வருஷம் ஆயுத பூஜை கொண்டாடியதில் ஒவ்வொரு கட்டும் பொட்டோடு மங்களகரமாக இருக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நானும் மல்லிகாவும் இந்த வருஷத்து அலமாரியை ஒவ்வொரு கட்டாகப் பிரித்தோம். புழுதி மேகம் மாதிரி கிளம்பியது. ரைட்டருக்கு இழுப்பு உண்டு. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, நெஞ்சில் விசில் அடிக்க, அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஐயா, நீங்க வெளிய போங்க. மூச்சு வாங்குது."

"கட்டு மேல எய்தியிருக்கறத நம்பாத நைனா. எவனோ ஒருத்தன் சீக்கிரமா வூட்டுக்குப் போற அவசரத்துல எய்தனது அது."

இரண்டு மணி நேரம் ஆயிற்று. இந்த வருஷத்து அலமாரி காலி. சான்றிதழ் இல்லை. மல்லிகா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அப்போது ரைட்டர் மூலையில் ஒரு குவியலின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அதன் மேல் 'அழிக்கப்பட வேண்டியவை' என்று ஒரு சீட்டு.

"இத எவன் அழிக்கணும்?"

"தெரியலைங்க. எந்த வருஷத்து சீட்டோ."

"எவன்னு போடல. அப்ப எவனும் அழிச்சிருக்க மாட்டான்" என்று சொல்லிக்கொண்டே சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து வேலை செய்து நான் பார்த்தது அன்றுதான். ஒவ்வொரு கட்டாகப் பிரித்தார். இரண்டு கட்டுக்கு ஒருதரம் தலையைத் திருப்பிக்கொண்டு இருமினார். ஏழாவது எட்டாவது கட்டில் என் கையெழுத்தில் ஒரு தாள் தெரிந்தது. அதற்குக் கீழே பிளாஸ்டிக் கவர். அவர் கவரை வெளியே எடுத்து, வேட்டியில் துடைத்து, மல்லிகாவின் மடியில் வைத்தார். பேச அவருக்கு மூச்சு இல்லை.

மல்லிகா கவரைப் பிரித்து, காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து, புருஷன் பெயர் மேல் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இனிமே பொட்டு வெக்கறதுக்கு மின்னாடி உள்ள இன்னா கீதுன்னு பாத்துக்க சார்" என்றார். மேடம் அன்று மாலையே அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் கோட்டாட்சியர் ஆபீசிலிருந்து சான்றிதழ் வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் மல்லிகாவின் மகள் சான்றிதழோடு கல்லூரி வாசலில் நின்றது.

எனக்கு மெமோ வந்தது. மூன்று நாளில் விளக்கம் கொடுக்க வேண்டும். ஹெட் கிளார்க் பரிவோடு ஒரு பக்க விளக்கம் எழுதித் தந்தார். அதில் பணிப்பளு மிகுந்திருந்தது, ஆவணம் இடம் மாற நேர்ந்தது, என்னைத் தவிர எல்லாமே நடந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு புங்கமரத்தடிக்குப் போனேன். எவன் ரைட்டர் அதைப் படிக்கக்கூட இல்லை. நாலாக மடித்து ஆடும் ஸ்டாண்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு, புதுத் தாளை அட்டையில் வைத்தார். இருமிக்கொண்டே மூன்று வரி எழுதினார்.

"மல்லிகாவின் அசல் சான்றை நான் கவனக்குறைவாகப் பழைய கோப்புகளோடு சேர்த்துக் கட்டினேன். சான்று வரவில்லை என்று அவருக்குப் பதில் எழுதியவனும் நானே. ஆவண அறையில் தேடி அதை நானே கண்டெடுத்துக் கொடுத்தேன்."

மூன்றாவது வரியில் நான் நின்றுவிட்டேன்.

"ஐயா, கண்டெடுத்தது நீங்கதானே?"

"எய்தனது எய்தனதுதான். கையெழுத்து போடு."

"இது பொய்யாச்சே. நீங்களே இப்படி எழுதினா எப்படி?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். டீக்கடை மாஸ்டர் கேட்கிறாரா என்று பார்த்தார். அந்தச் செவலை நாயைக்கூட ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தொலச்சவனே தேடிக் குடுத்தான்னா வுட்ருவாங்க. தொலச்சது ஒருத்தன், எடுத்தது இன்னொருத்தன்னா வுட மாட்டாங்க. எனுக்கு ஒரு வேல போனது போதும். போடு நைனா" என்றார். நான் கையெழுத்துப் போட்டேன்.

மேடம் விளக்கத்தைப் படித்தார். 'இழப்புக்குக் காரணமானவரே கண்டெடுத்துக் கொடுத்ததால் எச்சரிக்கையோடு விடுகிறேன்' என்று எழுதி மெமோவை முடித்தார். என் வேலை பிழைத்தது. அந்த மூன்றாவது வரிதான் பிழைக்க வைத்தது. எத்தனையோ வருஷம், எத்தனையோ மனுவில், செய்தவன் பெயரைத் தவிர வேறு பெயரை எழுத மாட்டேன் என்று ஊரோடு மல்லுக்கு நின்ற மனிதர், எனக்காக ஒரே ஒரு இடத்தில் பெயரை மாற்றி எழுதினார்.

பிறகு எனக்கு மாற்றல் வந்துவிட்டது. எவன் ரைட்டர் அதே புங்கமரத்தடியில்தான் இருக்கிறார், அதே மொபெட்டில்தான் எழுதுகிறார் என்று கேள்வி. இதை அச்சிடும் பத்திரிகை எப்படியும் அவர் கைக்குப் போகும். போகட்டும். அந்தச் சான்றை நான் கண்டெடுக்கவில்லை. அவர் கண்டெடுத்தார். இதைப் படித்து மேலிடம் மறுபடி மெமோ கொடுத்தால், விளக்கம் எழுதித் தரச் சொல்லி அவரிடம்தான் போய் நிற்பேன். அவரைப் பார்த்தும் ரொம்ப நாளாயிற்று.